தோற்ற தளபதி, கல் தச்சன், வேலைநிறுத்தம்: திருவொற்றியூர் கோயில் சுவரில் இருக்கும் நம்ம ஊர் வரலாறு (நீண்ட த்ரெட்)

1) கி.பி. 949. அரக்கோணத்துக்குப் பக்கத்துல தக்கோலம். சோழ இளவரசர் ராஜாதித்தன் யானை மேல் இருந்தபடியே போரில் கொல்லப்பட்டார். அவருக்கு உயிர் நண்பர் ஒருத்தர் இருந்தார். கேரளத்திலிருந்து வந்தவர். தலைவனோடு சேர்ந்து களத்தில் சாகும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கல. உயிரோட மிஞ்சிட்டார். அதுக்கப்புறம் அவர் என்ன ஆனார்ங்கிறதை நம்ம திருவொற்றியூர் கோயிலில் கல்லில் வெட்டி வெச்சிருக்காங்க.

2) இந்தப் பக்கத்துல வழக்கமா சர்க்கரை, பிரஷர், காசநோய், தடுப்பூசின்னுதான் எழுதுவேன். இன்னிக்கு மாத்திரை இல்லை மக்களே, வரலாறு. வட சென்னைன்னா பலருக்கு ஹார்பர், கன்டெய்னர் லாரி, எண்ணூர் சாம்பல், மீன் மார்க்கெட், சினிமாவில் வர்ற ரவுடி. இவ்வளவுதான் ஞாபகம் வருது. இங்கேயே வேலை பார்க்கிற ஒரு அரசு டாக்டரா எனக்கு அதுல ரொம்ப நாள் வருத்தம் உண்டு. சென்னையோட வயசு 1639-லிருந்து எண்ணப்படுது. திருவொற்றியூர் அதுக்கும் ஆயிரம் வருஷம் மூத்த ஊர்.

3) ஏன்னா, 7ஆம் நூற்றாண்டிலேயே அப்பரும் சம்பந்தரும் இந்த ஊருக்கு வந்து பாடியிருக்காங்க. பிறகு சுந்தரரும் பாடினார். மூவர் பாடலும் பெற்ற தலம். 9ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆண்ட பல்லவ மன்னன் அபராஜிதன் காலக் கல்வெட்டுகள் இங்க இருக்கு. பல்லவர், ராஷ்டிரகூடர், சோழர், சம்புவராயர், விஜயநகரம்னு ஆட்சி மாற மாற ஒவ்வொருத்தரும் எழுதி வெச்சது, மொத்தம் நூற்றுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள். ஒரு ஊரோட தொடர்ச்சியான பதிவேடு மாதிரி.

4) கல்வெட்டு படிக்கிறது பெரிய மந்திர வித்தை இல்லை. எங்க ஆஸ்பத்திரி கேஸ் ஷீட் மாதிரிதான். முதல்ல தேதி: எந்த ராஜாவோட எத்தனையாவது ஆட்சியாண்டு. அப்புறம் யாரு, எந்த ஊரு. அப்புறம் என்ன கொடுத்தார், எதுக்குக் கொடுத்தார், யார் பொறுப்பு. கடைசியில் "இதை மீறினால் பாவம்" மாதிரி ஒரு எச்சரிக்கை. இந்த அமைப்பு பிடிபட்டுட்டா, எந்தக் கல்வெட்டுப் பெயர்ப்பைக் கொடுத்தாலும் விஷயத்தைப் பிடிச்சிடலாம்.

5) இப்போ அந்த நண்பர் கதைக்கு வருவோம். கல்வெட்டுப்படி அவர் இயற்பெயர் வல்லபன். சின்ன வயசுலயே கல்வி கற்றுத் தேர்ந்து, சோழ நாட்டுக்கு வந்து, ராஜாதித்தனுக்கு நெருக்கமானார். தக்கோலத்தில் ராஜாதித்தன் செத்துப் போனார். தலைவனோடு சாகாமல் இருந்தது தன் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் தனக்கும் தகாத காரியம்னு அவர் நினைச்சாராம். உலகமே வெறுத்துப் போச்சு. கங்கைக்குப் போய் நீராடினார். திருவொற்றியூருக்கு வந்து நிரஞ்சன குருவிடம் துறவு வாங்கினார். புதுப் பெயர்: சதுரானன பண்டிதர்.

6) ராஜாதித்தன் படையில் வெள்ளங்குமரன்னு ஒரு பெரிய தளபதி இருந்தார். மலைநாட்டுக்காரர். பெண்ணை ஆற்றங்கரையில் 'கிராமம்'ங்கிற ஊரில் 943-ல் சிவன் கோயிலைக் கல்லால் கட்டினவர். அவர்தான் பிறகு சதுரானன பண்டிதர் ஆனார்னு ஆய்வாளர்கள் பலர் கருதுறாங்க. அந்தக் கோயில் எழும்பி ஆறே வருஷத்துல தக்கோலம். படை, பதவி, தலைவன் மூணும் ஒரே நாளில் போச்சு.

7) இதைப் படிக்கிற எந்த டாக்டருக்கும் ஒரு வார்த்தை மனசுல வரும்: 'சர்வைவர்ஸ் கில்ட்'. கூட இருந்தவங்க போயிட்டாங்க, நான் மட்டும் ஏன் இருக்கேன்ங்கிற குற்ற உணர்ச்சி. விபத்துல தம்பியைப் பறிகொடுத்த அண்ணன், சுனாமியில் குழந்தையைக் கையிலிருந்து நழுவ விட்ட அம்மா, கொரோனா வார்டில் கூட வேலை பார்த்தவரை இழந்த நர்ஸ் சிஸ்டர். இந்தக் கடற்கரை ஓரத்தில் வேலை பார்க்கிற எங்களுக்குப் புதுசில்லை. ஆயிரம் வருஷம் முந்தி இருந்தவருக்கு நான் டயக்னாசிஸ் போடல. ஆனா அந்த வலியை அவங்க மறைக்காம கல்லில் எழுதியிருக்காங்க, பாருங்க. அது பெரிய விஷயம்.

8) இன்னொன்னு. அந்தக் கல்வெட்டு எந்த ராஜாவோட ஆட்சியாண்டுல எழுதியிருக்கு தெரியுமா? ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனோட 20ஆம் ஆண்டு. அதாவது சுமார் 959. தக்கோலத்தில் ஜெயிச்சவரே அவர்தான். கச்சியையும் தஞ்சையையும் கொண்டவன்னு பட்டம் போட்டுக்கிட்டு தொண்டை மண்டலத்தை ஆண்டுக்கிட்டிருந்தார். தன் நண்பனைக் கொன்ற படையின் ராஜா பேரைத்தான் சதுரானனர் தேதியா எழுத வேண்டி வந்தது. அதே கல்லில் ராஜாதித்தன் பேரையும், தன் துயரத்தையும் எழுத வெச்சுட்டார். ஜெயிச்சவன் காலத்து ஆவணத்தில் தோற்றவன் நினைவு.

9) கொடை என்ன? 100 நிஷ்கம் பொன். அதை நரசிம்மமங்கலம்ங்கிற ஊர் சபையிடம் முதலீடா வெச்சார். அதோட வட்டியில் அவிட்ட நட்சத்திர நாள்ல ஒற்றியூர் இறைவனுக்கு சிறப்பு வழிபாடு நடக்கணும். கவனிங்க: ஊர் சபை இங்க பேங்க் வேலை பார்க்குது. முதல் அப்படியே இருக்கும், வட்டி மட்டும் செலவாகும். இன்னிக்கு நாம பிக்சட் டெபாசிட்ல அறக்கட்டளை நடத்துற அதே ஏற்பாடு.

10) இதே மாதிரிதான் நந்தா விளக்கு ஏற்பாடும். ஒரு விளக்கு அணையாம எரிய, சோழர் காலத்துல வழக்கமா 90 ஆடு கொடுப்பாங்க. 'சாவா மூவாப் பேராடு'ன்னு பேரு. சாகாத, கிழடாகாத ஆடு! ஆடு சாகாதுன்னு அர்த்தம் இல்லை. கிழடு கழியும், குட்டி சேரும், மந்தையோட எண்ணிக்கை மட்டும் 90-க்குக் குறையக் கூடாது. ஆட்டை வாங்கிக்கிற மன்றாடி தினமும் ஒரு உழக்கு நெய் அளக்கணும். இடையருக்குப் பிழைப்பு, கோயிலுக்கு வெளிச்சம், கொடுத்தவருக்குப் பேரு.

11) இனி கட்டடத்துக்கு வருவோம். மூலவர் ஆதிபுரீஸ்வரர் சன்னதியை வெளியே நின்னு பின்பக்கமா சுத்தி வந்து பாருங்க. சாதாரணக் கோயில் மாதிரி நாலு மூலை இருக்காது. முன்பக்கம் நேரா இருக்கும், பின்பக்கம் அரைவட்டமா வளைஞ்சு போகும். கஜபிருஷ்டம்னு வடமொழியில் சொல்வாங்க, யானையின் முதுகுன்னு அர்த்தம். தமிழ்ல இன்னும் அழகு: தூங்கானை மாடம். படுத்துத் தூங்குற யானையைப் பின்னாடியிருந்து பார்த்தா எப்படி இருக்கும், அப்படி.

12) மாமல்லபுரம் போனவங்க ஞாபகப்படுத்திக்கோங்க. பஞ்ச ரதத்துல சகாதேவ ரதம் இதே வடிவம்தான். அதுக்குப் பக்கத்துலயே ஒரு முழு யானையையும் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்காங்க. இந்த வடிவம் தொண்டை மண்டலத்துக்கு ரொம்பப் பிடிச்சது. திருத்தணி வீரட்டானேஸ்வரர், திருமுல்லைவாயில், பாடி திருவலிதாயம், திருவொற்றியூர்னு நம்ம சென்னையைச் சுத்தியே வரிசையா பார்க்கலாம். அதுக்கும் முந்தி கார்லே, அஜந்தா மாதிரி பௌத்த குகைச் சைத்தியங்களிலும் பின்பக்கம் இப்படி வளைஞ்சுதான் இருக்கும்.

13) இதே வளைவை ஐரோப்பாவிலும் பார்க்கலாம். பிரான்ஸ் கிராமங்களில் இருக்கிற பழைய பங்குத் தேவாலயங்களில் பீடம் இருக்கிற கிழக்குப் பகுதி பெரும்பாலும் அரைவட்டம். 'ஆப்ஸ்'னு சொல்வாங்க. அது ரோமானியப் பொது மண்டபத்திலிருந்து வந்த வடிவம். இங்கேயிருந்து அங்க போச்சு, அங்கேயிருந்து இங்க வந்துச்சுன்னு யாராவது வாட்ஸ்அப்ல அனுப்பினா நம்பாதீங்க. ஒரு புனிதமான பொருளை நடுவுல வெச்சு மனுஷன் சுத்தி வரணும்னு நினைச்சா, மூலையை மழுக்கி வளைவு கட்டத் தோணும். துலூஸ் நகரத்து செயின்ட் செர்னின் மாதிரி யாத்திரைத் தேவாலயங்களில் பீடத்துக்குப் பின்னாடி மக்கள் நடக்க ஒரு சுற்றுப்பாதையே இருக்கு. நம்ம பாஷையில் பிரகாரம்.

14) காலமும் ஒண்ணா போகுது. 1000ஆம் ஆண்டுக்குப் பிறகு பிரான்சில் ஊருக்கு ஊர் தேவாலயங்களைப் புதுசா எழுப்பினாங்க, மரக்கூரைகள் கல் வளைவுக்கு மாறின. ரவுல் கிளாபர்ங்கிற அந்தக் காலத் துறவி இதைப் பதிவு செஞ்சிருக்கார். இங்க சோழ நாட்டில் அதே தலைமுறைகளில் செங்கல் கோயில்கள் கருங்கல்லுக்கு மாறின. செம்பியன் மாதேவியார் அதைப் பெரிய அளவில் செஞ்சார். திருவொற்றியூரின் முறை முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் (1014–1044) வந்தது.

15) ஏன் கல்? கடற்கரை ஊர்க்காரங்களுக்கு விளக்கவே வேண்டாம். உப்புக் காத்து. வீட்டுச் செங்கல் சுவர் பத்து வருஷத்துல பொரிஞ்சு கொட்டுறதை நாம பார்க்கிறோம். மரம் உளுத்துப் போகும், சுண்ணாம்பு உதிரும். கருங்கல் நிக்கும். ஆனா திருவொற்றியூர் மணல் பூமி, காலுக்குக் கீழ பாறை கிடையாது. ஒவ்வொரு கல்லும் வெளியேயிருந்து வந்து இறங்கினதுதான்.

16) கட்டும் முறையில் ஒரு பெரிய வித்தியாசம். பிரெஞ்சுக் கொத்தனார் வளைவு கட்டினார். வளைவு தன் பாரத்தைப் பக்கவாட்டில் தள்ளும், சுவர் வெளியே சரியப் பார்க்கும். அதனால சுவரை ரொம்பத் தடிமனா கட்டி, ஜன்னலைச் சின்னதா வெச்சாங்க. நம்ம தச்சர்கள் வளைவே வைக்கல. கல்லைப் படுக்கை படுக்கையா அடுக்கி, மேல போகப் போக ஒவ்வொரு வரிசையையும் கொஞ்சம் உள்ளே தள்ளி, கடைசியில் மூடினாங்க. பாரம் நேரா கீழே இறங்கும். காரைகூட பெருசா தேவைப்படாது, கல்லோட எடையே கல்லைப் பிடிச்சுக்கும். இந்த முறையில் நேர் சுவர் எழுப்புறதே வேலை. அரைவட்டச் சுவர்னா ஒவ்வொரு கல்லின் முகத்தையும் வளைவுக்குத் தகுந்த மாதிரி தனித்தனியா செதுக்கணும்.

17) அந்த வேலையைச் செஞ்சவர் பேர் நமக்குத் தெரியும்! ரவி என்கிற வீரசோழத் தச்சன். சதுரானன பண்டிதர் ஏவ, மூணு நிலை விமானத்தைக் கருங்கல்லில் ரவி கட்டினார்னு ராஜேந்திரன் காலத்து வடமொழிக் கல்வெட்டு சொல்லுது. (இந்த சதுரானனர் நம்ம தளபதி இல்லை. அவர் வழியில் அதே பட்டப்பெயரோட வந்த மடத்துத் தலைவர்.) தஞ்சைப் பெரிய கோயிலில் குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் பேர் இருக்கு. ஆனா நம்ம ஊரின் ஆயிரக்கணக்கான பழைய கோயில்களில் கட்டினவர் பேர் கிடைக்கிறது அபூர்வம்.

18) பிரான்சிலும் அதே கதை. கிராமத் தேவாலயங்களை யார் கட்டினாங்கன்னு பெரும்பாலும் தெரியாது. ஓட்டன் நகரத்துத் தேவாலய வாசலுக்கு மேல கிஸ்லெபெர்தூஸ்னு ஒரு பேர் இருக்கு. சிற்பின்னு ஒரு கூட்டம், பணம் கொடுத்தவர்னு இன்னொரு கூட்டம், இன்னும் சண்டை ஓடுது. திருவொற்றியூரில் அந்தக் குழப்பமே இல்லை. செய்யச் சொன்னவர் ஒருத்தர், செஞ்சவர் ஒருத்தர், ரெண்டு பேரும் பதிவு. வட சென்னையில் உழைச்சவன் பேரை கட்டடத்தில் எழுதுற பழக்கம் அப்பவே இருந்திருக்கு. கல்லை இழுத்துக்கிட்டு வந்த நூத்துக்கணக்கான ஆட்களுக்கு மட்டும் அந்த இடம் கிடைக்கல.

19) இவ்வளவு கல்லுக்கு உள்ளே இருக்கிறது என்ன? மண். மூலவர் புற்று வடிவம். அதனால தண்ணி அபிஷேகம் கிடையாது. வருஷம் முழுக்க கவசம் சாத்தியிருக்கும். கார்த்திகை பௌர்ணமியை ஒட்டி மூணு நாள் மட்டும் கவசத்தை எடுத்து, புனுகு, சாம்பிராணித் தைலம் சாத்துவாங்க. அந்த மூணு நாளும் தேரடியில் கால் வைக்க இடம் இருக்காது. கரையக்கூடிய ஒரு மண் புற்றை ஆயிரம் வருஷத்துக்கும் மேல கரையாம பாதுகாத்திருக்காங்க. அதுக்குத்தான் இந்தக் கருங்கல் போர்வை.

20) இந்தக் கோயில் பள்ளிக்கூடமாவும் இருந்தது. இங்க ஒரு வியாகரண மண்டபம் உண்டு. பாணினிக்கு சிவன் இலக்கண சூத்திரங்களைச் சொல்லிக் கொடுத்தார்ங்கிற நம்பிக்கையை ஒட்டி, அந்த மண்டபத்தில் இலக்கணம் கற்றுக் கொடுத்தாங்க. அதுக்கு நிலம் மானியமா விட்டிருந்தாங்க. ஆசிரியருக்கும் மாணவருக்கும் அந்த வருமானம். "அங்க பசங்க படிக்க மாட்டாங்க சார்"னு நம்ம பகுதியைப் பத்தி யாராவது சொன்னா, இந்த மண்டபத்தைக் காட்டுங்க.

21) சதுரானனர்ங்கிற பட்டம் எவ்வளவு நாள் ஓடுச்சு தெரியுமா? 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரண்டாம் ராஜாதிராஜ சோழன் இங்க வந்து, மகிழ மரத்தடியில் எழுந்தருளிய இறைவன் முன்னால், சுந்தரர் வரலாற்றைச் சொல்லக் கேட்டார்னு ஒரு கல்வெட்டு இருக்கு. அப்போ ராஜா பக்கத்துல இருந்தவர் யாரு? மடத்துத் தலைவர் சதுரானன பண்டிதர்! ஒரு போரில் மனசு உடைஞ்சு வந்த ஒருத்தர் வாங்கின பேரு, இருநூறு வருஷம் தாண்டியும் ஒரு பொறுப்பா கைமாறிக்கிட்டே இருந்திருக்கு. அந்தச் சோகத்துக்கு அவர் தேடின மருந்து வேலைதான் போல.

22) சுந்தரர் கதையும் இந்த ஊர்தான். சங்கிலியாரை இங்க கல்யாணம் பண்ணி, உன்னைப் பிரிய மாட்டேன்னு மகிழ மரத்தடியில் சத்தியம் பண்ணி, மீறிப் போனதும் கண் பார்வை போச்சுன்னு புராணம். எனக்கு இன்னும் நெருக்கமானவர் கலிய நாயனார். திருவொற்றியூர் எண்ணெய் வாணியர். சொந்தக் காசில் விளக்கு எரிச்சவர், காசு தீர்ந்ததும் அடுத்தவர் செக்கில் கூலி வேலை பார்த்து எரிச்சார். அதுவும் நின்னதும் மனைவியை விற்கப் போனார், வாங்க ஆள் இல்லை. கடைசியில் எண்ணெய்க்குப் பதில் தன் ரத்தத்தை ஊத்தக் கழுத்தை அறுக்கப் போனார், இறைவன் கையைப் பிடிச்சார்னு கதை. ரத்தம் எரியாதுன்னு கமென்ட்ல எழுத வராதீங்க, எனக்கும் தெரியும்! 63 நாயன்மாரில் கூலித் தொழிலாளியா உழைச்ச ஒருத்தர் நம்ம ஊர்க்காரர்ங்கிறதுதான் சேதி. தினமும் எங்க ஓ.பி. சீட்டில் 'தொழில்: கூலி'ன்னு எத்தனை தடவை எழுதுறோம்!

23) அந்தக் கதையில் மனைவியை விற்கப் போன இடம் உறுத்துதா? உறுத்தணும். ஏன்னா கல்வெட்டிலும் அந்த உலகம் இருக்கு. சோழர் ஆட்சியின் கடைசிக் காலத்தில், நெல் குத்துற வேலைக்காக ஐந்து பெண்களை, அவங்க வழி வாரிசுகளோட சேர்த்து, ஒருத்தர் இந்தக் கோயிலுக்குக் கொடையா கொடுத்திருக்கார். ஆடு, நிலம், பொன் வரிசையில் மனுஷங்க. இன்னும் பிறக்காத குழந்தையும் அதுல சேர்த்தி. நம்ம முன்னோர் பெருமை பேசுறப்போ இந்தப் பக்கத்தை மட்டும் திருப்பி வெச்சுடக் கூடாது. பெருமையும் இதே சுவரில்தான், இதுவும் இதே சுவரில்தான்.

24) ஆனா அதே சுவரில் எதிர்க்குரலும் இருக்கு. 14ஆம் நூற்றாண்டு. கோயிலில் வேலை செஞ்ச பதியிலார், இஷபத்தளியிலார், தேவரடியார் இவங்களுக்குள்ள பெரிய தகராறு. யார் எந்த சன்னதியில், எந்த வரிசையில், எந்த வேலையைச் செய்யணும்ங்கிறது பிரச்சினை. சம்புவராயர் ஆட்சியில் ஒரு தீர்ப்பு சொன்னாங்க, நிக்கல. ஆட்சி மாறி, விஜயநகரத்துக் கம்பண உடையார் காலம் வந்தும் தீரல. ஒரு கட்டத்தில் வேலையை நிறுத்திட்டாங்க. ஆமா, ஸ்டிரைக்!

25) அரசு என்ன பண்ணுச்சு? அதிகாரி வந்தார், விசாரணை வெச்சார். எல்லாத் தரப்பையும் கூப்பிட்டுப் பேசி, வேலைப் பங்கீட்டை வகுத்தாங்க. அது போதாம மறுபடியும் விசாரணை நடந்தது. கடைசியில் முடிவை, பின்னாடி யாரும் மாத்திப் பேச முடியாதபடி, கல்லில் வெட்டிட்டாங்க. பேச்சுவார்த்தை, ஒப்பந்தம், கையெழுத்து. டாக்டர்களும் ஸ்டிரைக் பண்ணியிருக்கோம், அதனால இந்தப் படிநிலை எனக்கு நல்லாவே புரியுது.

26) 1918-ல் பெரம்பூர் பி அண்ட் சி மில் தொழிலாளர்களுக்காக மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கினாங்க. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம்னு அதைச் சொல்வாங்க. திரு.வி.க., பி.பி. வாடியா, செல்வபதி செட்டியார் பேரெல்லாம் பள்ளிக்கூடத்துலயே படிச்சிருப்பீங்க. கோயில் பணியாளர் தகராறையும் ஆலைத் தொழிலாளர் சங்கத்தையும் நான் ஒண்ணாக்கல. காலம் வேற, கோரிக்கை வேற. ஆனா வேலையை நிறுத்தி நியாயம் கேட்டது இந்த மண்ணுல மில் சங்கு ஊதுறதுக்கு ரொம்ப முந்தியே நடந்திருக்கு, அதுக்கு எழுத்துச் சான்றும் இருக்கு.

27) அதுக்கப்புறம் வேகமா ஓடிடலாம். கடற்கரையில் பட்டினத்தார் சமாதி. தியாகராஜ சுவாமிகள் திரிபுரசுந்தரி அம்மன் மேல் பாடின ஐந்து கீர்த்தனைகள், திருவொற்றியூர் பஞ்சரத்னம்னே பேரு. 1708-ல் கர்நாடக நவாப் தாவூத் கான் கம்பெனிக்குக் கொடுத்த ஐந்து கிராமங்களில் திருவொற்றியூரும் ஒண்ணு, கத்திவாக்கமும் ஒண்ணு. 1856-ல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில். அப்புறம் துறைமுகம், அப்புறம் ஆலைகள், அப்புறம் அனல் மின்நிலையம்.

28) துறைமுகத்தைக் கொஞ்சம் நின்னு பார்க்கணும். நம்ம கடற்கரையில் மணல் வருஷத்தில் பெரும்பகுதி நேரம் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள்ள சுவர் கட்டினதும் அந்த மணல் தெற்கே தங்கிப் போச்சு. மெரினா அகலமாச்சு. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் கரைக்கு வர வேண்டிய மணல் வரல. கடல் கரையைத் தின்ன ஆரம்பிச்சுது. மெரினாவில் சுண்டல் சாப்பிடறப்போ காலுக்குக் கீழ இருக்கிறதுல நம்ம பங்கு மணலும் உண்டுன்னு ஞாபகம் வெச்சுக்கோங்க. இன்னிக்கு எக்ஸ்பிரஸ் ரோடு ஓரமா பாறாங்கல் கொட்டிக் கொட்டிக் கடலைத் தடுத்துக்கிட்டிருக்கோம்.

29) ஊழி வெள்ளம் வந்தப்போ சிவன் அதை ஒற்றி விலகச் செஞ்சதால ஒற்றியூர்னு தலபுராணம் பேருக்குக் காரணம் சொல்லுது. பேருலயே கடல் இருக்கு. புராணத்துல சாமி பார்த்துக்கிட்டார். இப்போ அந்த வேலை நம்ம கையில்.

30) கோயிலுக்கு உள்ளே இருக்கிற ஆபத்து வேற மாதிரி. கல்வெட்டு எழுத்து மேல பெயின்ட், சுண்ணாம்பு. விளக்கு எண்ணெய்ப் பிசுக்கைக் கையால் தடவுறது. விபூதி, குங்குமத்தை எழுத்துக் குழிக்குள்ள அப்புறது. திருப்பணிங்கிற பேரில் டைல்ஸ் ஒட்டுறது. எழுத்து ஒரு சில மில்லிமீட்டர் ஆழம்தான். அது தேய்ஞ்சா தளபதியின் துயரமும் போச்சு, ரவி தச்சனும் போயாச்சு, ஐந்து பெண்களும் போயாச்சு, ஸ்டிரைக்கும் போயாச்சு. பிறகு நம்மைப் பத்தி மத்தவங்க சொல்றதுதான் மிச்சம்.

31) அதனால மூணு சின்ன வேண்டுகோள். ஒண்ணு: அடுத்த தடவை தேரடி மெட்ரோவில் இறங்கிக் கோயிலுக்குப் போனா, சாமி கும்பிட்டுட்டு மூலவர் சன்னதியை மெதுவா ஒரு சுத்து சுத்துங்க. பின்பக்க வளைவைக் குழந்தைகளுக்குக் காட்டி "தூங்குற யானை எங்க?"ன்னு கேளுங்க. ரெண்டு: எழுத்து இருக்கிற கல்லில் விபூதி கொட்டாதீங்க, கொட்டுறவங்களுக்கும் அன்பா எடுத்துச் சொல்லுங்க. மூணு: நம்ம பகுதி டீச்சர்கள் யாராவது இதைப் படிச்சா, பசங்களை ஒரு நாள் அங்க கூட்டிக்கிட்டுப் போங்க. பீச் ஸ்டேஷனைத் தாண்டி வடக்கே வராத நண்பர்களும் வரலாம், நாங்க கடிக்க மாட்டோம்!

32) 'வட சென்னையா?'ன்னு இழுத்துக் கேட்கிறவங்களுக்கு இனிமே நீளமா பதில் சொல்ல வேண்டாம். தோற்றவனுக்கு வேலை கொடுத்த ஊர், தச்சன் பேரை எழுதி வெச்ச ஊர், வேலையை நிறுத்தி நியாயம் கேட்ட ஊர்னு சொல்லுங்க. நம்பலைன்னா கோயிலுக்குக் கூட்டிக்கிட்டு வாங்க, கல்லில் இருக்கு. அடுத்த வாரம் வழக்கம் போல சர்க்கரை நோயும் பாதப் பராமரிப்பும். செருப்பில்லாம பிரகாரம் சுத்துற சர்க்கரைக்காரங்க வீட்டுக்கு வந்ததும் காலைக் கழுவித் துடைச்சு, அடிப்பாதத்தை ஒரு தடவை பார்த்துடுங்க.